பங்களா அழகுமலைக்கு முதல் வீடு

ரோலா, ஷார்ஜா.
ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்.

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய, பரமக்குடி மாடி வீட்டு மச்சான் உயர்திரு கார்மேகம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கனகாவைக் கைப்பிடித்த மாப்பிள்ளை அழகுமலை ஏழாவது மாடியிலிருந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சர்க்கரை மாத்திரையும் ஒருவரை ஒருவர் கைவிடாமல் நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் நாகவள்ளி அக்காவும் தங்கள் புது போர்வெல் மோட்டாரும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க முத்தாலம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

மச்சான், எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான்! ஒன்றுகூடத் தப்பவில்லை! பதினைந்து வருடத்துக்கு முன் ரோலா பஸ் ஸ்டாண்டில் ஒரு கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு நின்று, "எழுதி வச்சுக்கங்கடா, ஒரு நாள் கம்பெனிக்காரனே நம்ம கையைப் புடிச்சு, அய்யா வீடு கட்டுங்க, நாங்களும் காசு போடுறோம்னு கெஞ்சுவான்" என்று சொன்னேன். ஒருத்தனும் எழுதி வைக்கவில்லை. பரோட்டா சுற்றின பேப்பரில்கூட எழுதவில்லை. அந்தப் பரோட்டாவுக்கே ஒரு நாள் வரி வரும் என்றும் சொன்னேன். வந்ததா இல்லையா, ஐந்து சதவீதம்? ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்று என்னைப் பற்றி ஊரில் பேசுவதுண்டு. ஒன்பதாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவன் என்பதை யாரும் சொல்வதில்லை. மற்றவர்கள் எல்லாம் ஒரே தடவையில் அரைகுறையாகப் படித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினவர்கள்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். என் நம்பர் வந்தால் தங்கள் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. பரமக்குடியில் டவர் சரியில்லை என்றுதான் நான் பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நம் எமனேசுவரம் விஜயபாஸ்கர் லீவில் வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் அக்காவுக்குக் கோடாலித் தைலம் ஆறு குப்பியும் ஒரு அட்டைப் பெட்டியும் கொடுத்து அனுப்புகிறேன். பெட்டியை இப்போது பிரிக்க வேண்டாம். கடிதத்தைக் கொடுத்ததும் அவன் எழுந்து போக மாட்டான். கூடத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஏன் என்று கடைசியில் தெரியும். ஒரு காபி கொடுங்கள், சீனி கொஞ்சம் தூக்கலாக.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியைப் போன வருடம் ஒரு கனடாக்காரன் வாங்கினான். வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்டோர் ரூமைச் சுற்றிப் பார்த்தபோது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஆட்டின விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவன் நல்லது செய்வான் என்று. அவன் ஊரில், வாழ்க்கையில் முதல் தடவை வீடு வாங்குகிறவனுக்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறதாம். அதில் போடுகிற பணத்துக்கும் வரி கிடையாது, வீடு வாங்க எடுத்தால் எடுக்கிற பணத்துக்கும் வரி கிடையாது. அதே மாதிரி நம் ஆட்களுக்கும் ஒன்று செய்வோம் என்று போன மாதம் டியூட்டி பஸ்ஸின் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டான். மாதம் நானூறு திர்ஹாம் நம் சம்பளத்திலிருந்து, இருநூறு கம்பெனியிலிருந்து, ஐந்து வருடம். பத்திரப் பதிவு அன்றைக்குத்தான் எடுக்க முடியும், நடுவில் மச்சினிச்சி கல்யாணம், மாமனார் ஆப்பரேஷன் என்று யாரும் கை வைக்க முடியாது. தலைப்பில் கொட்டை எழுத்தில் "வரியில்லா முதல் வீட்டுச் சேமிப்பு". பஸ்ஸே ஆடிப்போயிற்று மச்சான். நான் எழுந்து நின்று, "சொன்னேனா இல்லையா!" என்றேன். டிரைவர் பிரேக் போட்டார், நான் உட்கார்ந்தேன்.

எங்கள் ரூமில் சேதுராமன் என்று ஒரு கும்பகோணத்துக்காரன் இருக்கிறான், எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கிறவன். அவன் கேட்டான்:

"அண்ணே, இந்த ஊர்ல சம்பளத்துக்கு வரியே கிடையாதே. இல்லாத வரிக்கு எதுக்குண்ணே விலக்கு?"

"டேய் சேது, மழையே பெய்யாத ஊர்ல ஒருத்தன் ஓசியில குடை குடுத்தா வேணாம்பியா? ஊருக்குப் போனா மழை பெய்யும்லடா?"

மறுநாள் எச்.ஆர். ஷியாமளா மேடம் வந்து விளக்கம் கொடுத்தார். மெட்ராஸ்காரர், மூக்குக் கண்ணாடியும் லேப்டாப்புமாக எப்போதும் ஜோடியாக இருப்பவர். பணம் நம் நாட்டில் வெளிநாட்டுவாழ் ஆட்களுக்கான கணக்கில் போய் உட்காருமாம், அதன் வட்டிக்கு அங்கே வருமான வரி கிடையாதாம். அதாவது என் குடையைத்தான் மேடம் இங்கிலீஷில் பிடித்தார். சேதுராமன் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை, சாம்பாரைப் பார்த்தான்.

இந்த இடத்தில் கனகாவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து அவள் குடியிருப்பது இப்போது ஏழாவது வாடகை வீடு. தங்களுக்குத் தெரியும், சாமான் ஏற்றின வண்டியை நாலு தடவை தாங்களே பிடித்துக் கொடுத்தவர். இப்போதிருக்கும் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். போன மாதத் தொடக்கத்தில் போனில் பேசினபோது அழவில்லை மச்சான், அழுதிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏங்க, எனக்கு மாடி வேணாம், கேட்டு வேணாம். யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்க ஒரு சுவரு போதும். இருபத்தாறு வருசமா காலண்டரை ஜன்னல் கம்பியிலதான் கட்டி வச்சிருக்கேன்." நான் "டவர் சரியில்ல" என்று வைத்துவிட்டேன். பிறகுதான் பஸ்ஸில் நோட்டீஸ். இது தெய்வம் ஒட்டின நோட்டீஸ் இல்லாமல் வேறென்ன? அந்தக் கணக்கில் சேர்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன். சேர்வதற்கு ஒரே நிபந்தனைதான். விண்ணப்பிக்கிறவன் பேரிலோ மனைவி பேரிலோ வீடு இருக்கக் கூடாது. எந்தக் காலத்திலும் இருந்திருக்கவும் கூடாது. அடடா! இந்த ஒரு தகுதியில் ஷார்ஜாவிலேயே என்னை மிஞ்ச ஆள் உண்டா? வாழ்நாள் முழுக்க நான் இந்த விண்ணப்பப் பாரத்துக்காகவே தயாராகிக்கொண்டு வந்திருக்கிறேன்!

பாரம் வாங்க முதல் ஆளாக நின்றேன். காலை ஐந்து மணிக்கு என்று எழுதலாம், ஐந்தே முக்கால். கேன்டீனில் பெஞ்சு போட்டு எல்லோரும் எழுதினோம். ஏழாவது கேள்வி: "தங்களுக்குச் சொந்த வீடு உண்டா?" நான் நெஞ்சை நிமிர்த்தி "இல்லை" என்பதில் ஒரு டிக் போட்டேன். பின்னால் நின்றவன் ஜெயசீலன். நாகர்கோவில் பையன், ஏ.சி. மெக்கானிக், வெள்ளை மனசு. இந்த உலகத்தில் வெள்ளை மனசுக்காரனைப் போல ஆபத்து கிடையாது.

"அண்ணாச்சி! என்ன இப்படி தப்பா போட்டுட்டிய? கண்ணாடி கொண்டு வரலியா?"

சொன்னவன் நிற்கவில்லை. என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, என் டிக்கை அடித்து, "உண்டு" என்பதில் தெளிவாக ஒரு டிக் போட்டு, பக்கத்தில் இருந்த காலி இடத்தில் "இரண்டு மாடி, கிரானைட் தளம், முன்னால் சிங்க பொம்மை, வாட்ச்மேன் உண்டு" என்று அழகான கையெழுத்தில் எழுதி, "கேட்டா நான் சாட்சி சொல்லுதேன், கவலப்படாதிய" என்று முதுகில் தட்டினான். நான் மூச்சு விடுவதற்குள் மேடத்தின் உதவியாள் பாரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மச்சான், இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சிங்க பொம்மை தங்களுக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். கோபப்படாமல் படிக்கவும், முடிந்தால் உட்கார்ந்து படிக்கவும்.

பதினோரு வருடத்துக்கு முன் தங்கள் மகன் விமலுக்குக் காதுகுத்து. பந்தியில் நான் ரசத்துக்குக் கை குழித்த நேரம் பார்த்து, நாற்பது இலைக்கு முன்னால் தாங்கள் சொன்னீர்கள்: "நம்ம மாப்ள துபாய்ல இருக்காருன்னு பேருதான். அவருக்குன்னு சொல்லிக்க ஒரு செங்கல் உண்டாய்யா?" எல்லோரும் சிரித்தார்கள். ரசம் ஊற்றுகிறவன்கூடச் சிரித்தான், அதனால் பாதி ரசம் வேட்டியில். நான் ஷார்ஜா துபாய் இல்லை என்றுகூடத் திருத்தாமல் எழுந்து வந்துவிட்டேன். போகிற வழியில் தங்கள் புது வீட்டை என் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இங்கே வந்ததும் ரூம் பையன்கள், "அண்ணே, ஊர்ல என்ன விசேசம்?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் செங்கல்தான் வரும் போலிருந்தது. போனைத் திறந்தேன். "யார் வீடுண்ணே இது, அரண்மனை மாதிரி?" என்றார்கள். நான் என்னுடையது என்று சொல்லவில்லை மச்சான், அது சத்தியம். "யாருதா இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் போட்டோவின் ஓரத்தில் தங்கள் முழங்கை விழுந்திருந்தது. யார் என்று கேட்டார்கள். வாட்ச்மேன் என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். நல்ல சம்பளம் என்றுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் பங்களா அழகுமலை. கீழே பக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை நெய்னா முகம்மது காக்காகூட, "பங்களாவுக்கு ஒரு தயிர்" என்றுதான் கணக்குப் பையனிடம் சொல்லுவார். புதுவீட்டுக்கு விருந்து எங்கே என்று நச்சரித்தார்கள். சரி என்று ஒரு வெள்ளிக்கிழமை காக்கா கடைப் பக்கத்து மெஸ்ஸில் பதினோரு பேருக்கு மட்டன் பிரியாணி போட்டேன். உலகத்திலேயே வீடு இல்லாமல் புதுமனை புகுவிழா நடத்தின முதல் ஆள் நான்தான், அந்தச் சாதனையும் நம் குடும்பத்துக்கே. பையன்கள் சும்மா வந்து சாப்பிடவில்லை, ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தார்கள். கடிகாரமா அது! வாணலி அகலம். மணிக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து குயில் கூவும். முகத்தில் பொன் எழுத்தில், "அழகுமலை அண்ணன் இல்லப் புதுமனை புகுவிழா. அன்புடன் ரூம் நண்பர்கள்." ஊருக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். லக்கேஜ் வெயிட் இடிக்கிறது என்று ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிச் சொல்லி, பதினோரு வருடமாக அது என் கட்டிலுக்கு மேலேயே தொங்குகிறது. குயில் மணிக்கு ஒரு தடவை என்னைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது எச்.ஆர். ஆபீசுக்கு வருவோம். மேடம் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. ரூம், சுழல் நாற்காலி, கண்ணாடி டம்ளரில் சுலைமானி டீ. மற்றவர்களுக்கு எல்லாம் பேப்பர் கப்.

"மிஸ்டர் அழகுமலை, ஏழாவது கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு. எது சரி?"

"முதல்ல போட்டதுதான் மேடம். வீடு இல்ல."

"பதினோரு பேர் உங்களுக்கு வீடு இருக்குன்னு சாட்சி சொல்லியிருக்காங்க. அதுவும் உங்களுக்கு உதவுறதா நெனச்சு. ஒருத்தர் பிளானே வரைஞ்சு குடுத்திருக்கார்."

பார்த்தேன். உண்மையிலேயே வரைந்திருந்தான் மச்சான். மாடிப்படிக்குக் கீழே பூஜை அறைகூட இருந்தது. எனக்கு அவமானமாக இருக்க வேண்டியது, ஆனால் நல்ல பிளானாக இருந்ததால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

"அது... வித்துட்டேன் மேடம்."

"அப்ப உங்களுக்கு வீடு இருந்திருக்கு. முதல் வீடு ஆகாது. ரூல் படிச்சீங்க இல்ல?"

"விக்கல மேடம். வெள்ளத்துல போயிருச்சு."

"எந்த வெள்ளம்?"

"வைகை."

"வைகையிலயா?" என்றார். மெட்ராஸ்காரருக்கு வைகையைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் அழகுமலை, வித்தாலும் இருந்த வீடுதான், வெள்ளத்துல போனாலும் இருந்த வீடுதான். ஒரு வீடு எப்பவுமே இல்லாம இருந்தாத்தான் நான் உங்களைச் சேக்க முடியும். நல்லா யோசிச்சு சொல்லுங்க. வியாழக்கிழமை கேம்ப் இன்ஸ்பெக்ஷனுக்கு உங்க ரூமுக்கு வருவேன்."

மூன்று நாள் யோசித்தேன். வீட்டைக் கட்ட எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று, இடிக்க மூன்று நாள் போதவில்லை. நெய்னா காக்காவிடம் போய் மெதுவாக, "காக்கா, ஒருத்தன் ஒரு பொய் சொல்லிட்டான்னு வைங்க, பதினோரு வருசம் கழிச்சு அதை எப்படித் திரும்ப எடுக்குறது?" என்று ஒரு நண்பனுக்காகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவர் தயிரை எடுத்து வைத்துக்கொண்டே, "வாங்கின எடத்துலயே குடுக்கணும் வாப்பா. வேற கடையில எடுத்துக்க மாட்டான்" என்றார். பில்லைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து, "பங்களாவுல எல்லாரும் சொகந்தானே?" என்றும் கேட்டார். அந்த மனுஷனுக்கு எல்லாம் முன்னமே தெரியுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வியாழக்கிழமை மேடம் வந்தார். சாட்சி சொன்ன பதினோரு பேரும் ரூமில் இருந்தார்கள், கேஸ் சிலிண்டர் எங்கே, வயர் எங்கே என்று பார்த்துக்கொண்டே வந்தவர் என் கட்டிலுக்கு நேரே நின்றார். சரியாக ஆறு மணி. குயில் வெளியே வந்து ஆறு தடவை கூவியது. மேடம் ஆறு கூவலும் முடியும்வரை பொறுமையாக அதன் முகத்தில் இருந்ததைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜெயசீலன், "பாத்தியளா மேடம், நான் சொன்னம்லா!" என்றான் சந்தோஷமாக.

அப்போதுதான் மச்சான், தங்கள் மாப்பிள்ளை யார் என்பதை ஷார்ஜா பார்த்தது. கட்டிலின் மேல் ஏறி நின்றேன். ஃபேன் தலையில் தட்டும் என்பதால் கொஞ்சம் குனிந்து நின்றேன். மூன்று நாளாக ஒரு பெரிய பிரசங்கம் தயார் செய்திருந்தேன், அதில் இரண்டு பழமொழியும் ஒரு திருக்குறளும் இருந்தன. எல்லாம் மறந்துபோயிற்று. இவ்வளவுதான் வந்தது:

"அந்த வீடு என் மச்சானோடது. எனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது."

ஜெயசீலன்தான் முதலில் பேசினான்.

"அப்ப... அந்த வாட்ச்மேன்?"

"அது மச்சானோட முழங்கைடா."

"அப்ப பிரியாணி?"

"பிரியாணி என் காசுதாண்டா! அது மட்டும் உண்மை!"

சிரித்தார்கள் பாருங்கள்! காதுகுத்துப் பந்தியில் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு இல்லை, இது வேற. அழகுமலை உள்ளே இருந்துகொண்டே கேட்கிற சிரிப்பு. அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். மூலைக் கட்டிலிலிருந்து சேதுராமன் மெதுவாக எழுந்தான். "மேடம், நானும் என் பாரத்தைத் திருத்தணும். என் வீடுன்னு காட்டுற போட்டோவுல அந்தத் தென்னமரம் மட்டும்தான் எங்களுது. வீடு அடுத்த வீடு." அடுத்து ஜெயசீலன். என் பாரத்தைத் திருத்தின அதே வெள்ளை மனசு ஜெயசீலன்! தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீடு எங்க ஊரு கூட்டுறவு பேங்குதான் மேடம். போர்டு தெரியாம எடுத்தது" என்றான். அரை மணி நேரத்தில் ஏழு பங்களா தரைமட்டம். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுதார் என்று நினைக்கிறேன். சிரித்திருக்கவும் கூடும்.

பிறகு என்னிடம் வந்து, அந்த வீடு மச்சானுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். மச்சான், அங்கேதான் தாங்கள் வருகிறீர்கள், தெய்வம் மாதிரி! கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தங்கள் கடிதத்தை எடுத்தேன். முத்திரைத்தாளில், நோட்டரி சீலோடு, பரமக்குடி கார்மேகமாகிய தாங்கள் எழுதிக் கொடுத்த கடிதம். "மேற்படி வீடு என் சொந்த உழைப்பில், நான் வாங்கின மனையில் கட்டியது. என் தங்கை கணவர் அழகுமலைக்கோ என் தங்கை கனகாவுக்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களுக்கு இதுநாள்வரை சொந்த வீடு இருந்ததில்லை. அழகுமலை நேர்மையானவர், உழைப்பாளி, ஷார்ஜாவில் பெரும்புள்ளி." மேடம் அதை இரண்டு தடவை படித்தார். "இப்படி ஒரு மச்சான் கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார். அங்கேயே பாரத்தில் கையெழுத்துப் போட்டார். கணக்கு நம்பர் ஒன்று, அழகுமலை! பையன்கள் என்னைத் தூக்கினார்கள், ஃபேன் தட்டியது, காயம் இல்லை. நெய்னா காக்கா ரூமுக்கே டீ அனுப்பினார், காசு வாங்கவில்லை. ஐந்து வருடம் மச்சான்! ஐந்தே வருடம்! எமனேசுவரம் ரோட்டில் ஒன்றரை சென்ட் கிடைத்தாலும் போதும், ஒரு கூடம், ஒரு அடுப்படி, நாலு பக்கமும் சுவர், அத்தனையிலும் ஆணி!

எந்தக் கடிதம், நான் எப்போது எழுதினேன் என்று தாங்கள் புருவத்தை உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். தைலத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லவும். விமலுக்கு என் ஆசீர்வாதம், ஒன்பதாம் வகுப்பை நிதானமாகப் படிக்கச் சொல்லவும். கனகாவிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், பத்திரப் பதிவு அன்றைக்குக் கையில் சுத்தியலைக் கொடுத்துத்தான் சொல்லப் போகிறேன். தங்கள் வாசல் சிங்கத்துக்கும் என் அன்பு. அதைப் பதினோரு வருடம் என் சிங்கமாக வளர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நிழலில் போட்டோ எடுத்து வாழும்,
மாப்பிள்ளை அழகுமலை

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நான் சேர்த்தது. தங்கள் கடிதம்.

அது இல்லாததால் அதற்குப் பின்னால் வந்த கையெழுத்தும் இல்லை, கணக்கு நம்பரும் இல்லை, டீயும் இல்லை. கட்டிலில் ஏறி நின்றது உண்மை, சொன்னது உண்மை, ஏழு பங்களா இடிந்ததும் உண்மை. அத்தாட்சி கேட்டபோது பெட்டியை இழுத்ததும் உண்மைதான், உள்ளே லுங்கிதான் இருந்தது. மேடம் சொன்னது இது: "மிஸ்டர் அழகுமலை, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஃபைல் நம்பாது. வீட்டுக்காரர்கிட்டயிருந்து நோட்டரி போட்ட கடிதம் வரணும். இருபத்தஞ்சாம் தேதி கடைசி." மற்றப் பையன்கள் போட்டோ காட்டினார்களே தவிர சாட்சி சேர்க்கவில்லை, அவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாரத்தில் சிங்க பொம்மை வரைக்கும் எழுதப்பட்டவன் நான் ஒருவன்தான்.

விஜயபாஸ்கர் இருபத்துமூன்றாம் தேதி திரும்புகிறான். அவன் சட்டைப் பையில் கடிதத்தின் மாதிரி இருக்கிறது, மேலே எழுதினேனே, அதேதான். "பெரும்புள்ளி" வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். "நேர்மையானவர்" என்பதையும் தங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள். அதற்குப் பதிலாகத் தங்கள் சொந்த வாசகத்தையே போட்டாலும் எனக்குச் சம்மதம். அன்றைக்கு நாற்பது இலைக்கு முன்னால் சும்மா சொன்னதை இப்போது முத்திரைத்தாளில் சொல்லுங்கள்: இவனுக்கென்று ஒரு செங்கல் கிடையாது. அந்த வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டு போனவன்தான், அதே வார்த்தையைக் கேட்டு வந்திருக்கிறேன். தாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று எழுதினதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் மச்சான். எதையும் முன்னமே சொல்லிவிடுவது என் வழக்கம், தங்களுக்குத் தெரியாதா?

அட்டைப் பெட்டியை இப்போது பிரிக்கலாம். கடிகாரம். பையன்களே கழற்றிக் கொடுத்தார்கள். எந்த வீட்டைப் பார்த்து வாங்கினார்களோ அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மாட்ட வேண்டாம். பேட்டரியைக் கழற்றிப் பரணில் வையுங்கள். அதற்கு ஆணி கனகாதான் அடிக்கணும்.